மதிலோரம் ஏழு துஜா

“அந்தப் பக்கம் கண்ணுல படவே கூடாது. அப்படி ஒரு செடி வேணும்” என்றார் சுப்பராமன்.

மனைவி நீரஜாவுக்குச் சுருக்கென்றது. வாசலில் வைக்க அழகாக ஏதோ வாங்கப் போகிறார் என்று நினைத்துத்தான் அவள் திருவான்மியூர் நர்சரிக்குக் கூட வந்திருந்தாள்.

“எந்தப் பக்கம் சார்?” என்றார் நர்சரிக்காரர் சக்திவேல்.

“பக்கத்து வீட்டுப் பக்கம். காம்பவுண்டு சுவர் இடுப்பளவுதான் இருக்கு. அதை ஒட்டி வரிசையா வைக்கணும்.”

சக்திவேல் முதலில் அரக்கேரியாவைக் காட்டினார். கிறிஸ்துமஸ் மரம் என்று எல்லோரும் வாங்கிப் போவது. தட்டுத் தட்டாகக் கிளை விரித்துக்கொண்டு நின்றது.

“இதுதான் அழகுன்னா” என்றாள் நீரஜா.

“தட்டுக்குத் தட்டு சந்து இருக்கே. எல்லாம் தெரியும்.”

அடுத்தது மஞ்சள் துஜா. குத்துவிளக்குச் சுடர் மாதிரிக் குவிந்திருந்தது. நீரஜா அதைத் தடவிப் பார்த்தாள்.

“மெதுவாத்தான் வளரும் சார். ஆளுயரம் வர மூணு வருஷமாவது ஆவும்.”

“அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது.”

சக்திவேல் யோசித்துவிட்டு, பின்பக்கம் அழைத்துப் போனார். ஆளுயரத்துக்குச் சாக்கில் நின்றது வெறும் பச்சை துஜா.

“அழகுக்குன்னு யாரும் இத்த வாங்க மாட்டாங்க சார். ஆனா அடியிலேருந்து நுனி வரைக்கும் அடைச்சிக்கினு கீது.”

சுப்பராமன் அந்தச் செடிகளுக்குப் பின்னால் போய் நின்றார்.

“நீரஜா, நான் தெரியறேனா?”

“தெரியலை.”

“ஏழு குடுங்க” என்றார்.

 திரும்பும் வழியில் அடையாறு சிக்னலில் கார் நின்றபோது நீரஜா பொறுக்க முடியாமல் கேட்டாள்.

“ரஹ்மான் என்ன நினைச்சுப்பார்?”

பக்கத்து வீட்டு ஹபீபுர் ரஹ்மானோடு இருபத்திரண்டு வருஷப் பழக்கம். தினமும் காலையில் இவர் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம், ஆளுக்கொரு டம்ளரைச் சுவர்மேல் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். மூன்று மாதம் முன்பு ரஹ்மானுக்குப் பக்கவாதம் வந்தது. வலது காலும் கையும் சொன்னபடி கேட்பதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் சுப்பராமன் ஒரு தடவை போய்ப் பார்த்தார். அதோடு சரி.

“செடிதானே” என்றார் சுப்பராமன்.

“முடியாத மனுஷனைப் பார்க்கக் கஷ்டமா இருந்தா நீங்க திரும்பிக்கோங்கோ. அவரை மறைச்சு வேலி போடணுமா?”

சுப்பராமன் சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க கசின்ஸ் வாட்ஸப் குரூப்புல தினம் என்னென்னமோ வரது. அதைப் படிச்சுப் படிச்சு நீங்களும் மாறிட்டேளா?”

சுப்பராமன் அவளைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் பச்சை விழுந்துவிட்டது. வண்டியை எடுத்தார்.

மறுநாள் மத்தியானத்துக்குள் ஏழு செடியும் மண்ணில் இறங்கிவிட்டன. சுவருக்கு மேல் பச்சையாக இன்னொரு சுவர். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. நீரஜாவுக்குச் சமையலறை ஜன்னல் பக்கம் போகவே கூச்சமாக இருந்தது. ரஹ்மானின் மனைவி ஜரீனா காய்கறி வண்டியிடம் நிற்பது தெரிந்தால், அவள் போகும்வரை உள்ளேயே இருந்துகொள்வாள்.

இரண்டு வாரம் இப்படி ஓடியது. அதற்கு மேல் முடியவில்லை. ஒரு டப்பாவில் தட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு மணியை அடித்தாள்.

கதவைத் திறந்த ஜரீனாவை உட்காரக்கூடச் சொல்ல விடவில்லை.

“ஜரீனா, அந்தச் செடியை நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அவர் கேக்கலை. எனக்கு உன் மூஞ்சில முழிக்கவே வெக்கமா இருக்கு.”

ஜரீனா உதட்டில் விரல் வைத்தாள். அவள் கையைப் பிடித்துப் பின்பக்க ஜன்னலுக்கு அழைத்துப் போனாள்.

வெளியே ரஹ்மான் நடந்துகொண்டிருந்தார். இடது கை சுவரைப் பற்றியிருந்தது. வலது காலை இழுத்து வைத்தார், நின்றார், மறுபடி இழுத்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு தரம் தடுமாறி, சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, மறுபடி காலை எடுத்து வைத்தார்.

“பத்து நாளா இப்படித்தான்க்கா. டாக்டர் நடக்கச் சொல்லி ரெண்டு மாசமாச்சு. உங்க வீட்டு அண்ணன் தலை அந்தப் பக்கம் தெரிஞ்சா போதும், இவரு நாற்காலியில உக்காந்து பேப்பரை விரிச்சுக்குவாரு. ஒரு நாள் பேப்பர் தலைகீழா இருந்துச்சு. அதை அண்ணன் பார்த்துட்டாரு. அன்னைக்கு சாயந்திரமே எனக்குப் போன் பண்ணி, ‘நான் பார்க்கறேன்னுதான் நடக்க மாட்டேங்கறானா’ன்னு கேட்டாரு.”

நீரஜா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.”

“சொன்னா நீங்க பாவப்பட்டு ஆறுதல் சொல்ல வந்துடுவீங்களாம். அது இவருக்கு ஆகாதுன்னாரு.”

“ரஹ்மானுக்குத் தெரியுமா?”

“தெரியாதுக்கா. அண்ணன் மேல பயங்கரக் கோபம். ‘என்னை மறைச்சுச் செடி வெச்சுட்டான். நடந்து அவன் வாசலுக்கே போய் ஏன்டான்னு கேக்கறேன்’னு சொல்லிச் சொல்லித்தான் நடக்கறாரு. மனசு கேக்காம, ‘உண்மையைச் சொல்லிடட்டுமாண்ணே’ன்னு கேட்டேன்.”

ஜரீனா ஜன்னல் வழியே துஜா வரிசையைப் பார்த்தாள்.

“ ‘சொல்லிடாதேம்மா. அவனே நடந்து வந்து கேக்கட்டும்’னு சொல்லிட்டாரு.”