பழைய பாஸ்வேர்டு

மோடத்திலிருந்து வந்த மஞ்சள் வயரைப் புது ரவுட்டரில் செருகினான் நதீம். வெளியே சித்திரை வெயில் கொளுத்தியது.

“வைஃபைக்கு இன்னா பேருக்கா வைக்கட்டும்?”

“பழைய பேரே இருக்கட்டும்பா. பாஸ்வேர்டும் அதேதான். மாத்துனா எங்க வீட்டுக்காரரு போன்ல தானா புடிக்காது,” என்றாள் செண்பகம்.

“மாமா வெளியூரா?”

“வருவாரு.”

போன மழையில் அடையாற்று வெள்ளம் அவள் கணவர் தணிகாசலத்தைக் கொண்டுபோனபோது போனும் அவர் சட்டைப்பையில் இருந்தது. அதே மழையில் இடி விழுந்து பழைய ரவுட்டரும் கருகிப்போனது. முன்பெல்லாம் வேலை முடிந்து வந்தால் மாடிப்படித் திருப்பத்திலேயே அவருக்கு வைஃபை கிடைத்துவிடும். மெசேஜ்களை அங்கேயே நின்று படித்துவிட்டுத்தான் மேலே வருவார். செண்பகம் இன்னமும் அந்த எண்ணுக்குத் தினமும் அனுப்புகிறாள். ஒன்றும் போய்ச் சேர்ந்ததில்லை.

ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. நதீம் பையை மாட்டிக்கொண்டு இறங்கினான். படிக்கட்டில் மெசேஜ் வரும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாக, நிற்காமல் கேட்டது.

“அக்கா, மாமா வந்துட்டாரு போல கீது,” என்று கீழிருந்து குரல் கொடுத்தான். “படியிலயே நின்னு போன் பார்த்துக்கினு கீறாரு. தலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சி கீது.”

செண்பகம் கொடியிலிருந்து துண்டை உருவிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.