கீரி வைத்தியம்

“போதும்மா, விட்டுடுங்க. கட்டைவிரல் கழண்டு கையோட வந்துடும் போலிருக்கு.”

“இன்னும் கொஞ்சம்தான் சார். நீங்க நல்லாகணும்னுதானே நான் இந்தப் பாடு படறேன்” என்றாள் பிசியோதெரபிஸ்ட். பெற்ற தாய் தோற்றாள், அப்படியொரு கனிவு.

அந்தக் கனிவில் ஒரு துளியும் நிஜமில்லை. உடைந்த மணிக்கட்டுக்குப் போட்டிருந்த கட்டைப் பிரித்துவிட்டு, மடங்காத விரல்களோடு அவர் அவள் அறைக்குள் நுழைந்த அன்றே அவளுக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. வீடியோ கேம் கம்பெனி முதலாளி. அவள் கணவனை வேலையை விட்டுத் துரத்திய மகராசன். இவள் யாரென்று அவருக்குத் தெரியாது.

கணவன் அப்படி என்ன குற்றம் செய்துவிட்டான்? ஆட்டம் கடைக்குப் போகுமுன் ஆடிப் பார்த்துக் குறை சொல்வது அவன் வேலை. கூலிங்கிளாஸ் போட்ட ஒரு கீரிப்பிள்ளை குழியைத் தாண்டும், பழம் பொறுக்கும், நண்டை மிதிக்கும். அடுத்த கட்டத்திலும் அதே குழி, அதே பழம், அதே நண்டு, வானத்தின் நிறம் மட்டும் வேறு. “சார், நாம நாப்பது கட்டம் பண்ணல. ஒரே கட்டத்தை நாப்பது தடவை வெச்சிருக்கோம்” என்று உள்ளதைச் சொன்னான்.

“ரசனை கெட்ட ஜென்மம்” என்று அத்தனை பேர் முன்னாலும் திட்டி, அன்றே வெளியே அனுப்பினார் முதலாளி. அதோடு விட்டாரா? மற்ற கம்பெனிகளுக்கும் போன் போட்டு இவனைப் பற்றி வத்தி வைத்தார்.

‘கில்லாடிக் கீரி’ கடைக்கு வந்தது. ஊரே காறித் துப்பியது, சீண்ட ஆளில்லை. அதனால் கணவனுக்கு வேலை கிடைத்துவிடுமா என்ன? வீட்டைக் கலகலப்பாக வைத்திருந்த மனிதன், இன்று சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறான். அவன் முதுகைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சும்மா விடுவாளா? விரல் பயிற்சிக்கு ரப்பர் பந்து இருக்கிறது, களிமண் இருக்கிறது. அவள் எடுத்து மாட்டியது கில்லாடிக் கீரியை.

“இதுவா? வேற எதாவது…” முதலாளிக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. சொந்தக் கம்பெனி ஆட்டத்தில் இரண்டாம் கட்டத்தைக்கூட அவர் அதுவரை பார்த்ததில்லை.

“இதேதான் சார். முதல்லேர்ந்து.”

தினமும் வந்தார், தினமும் ஆடினார். ஏழாம் கட்டத்தில் பெருமூச்சு விட்டார். பதினைந்தாம் கட்டத்தில் நல்ல கையால் தலையில் அடித்துக்கொண்டார். “அந்தப் பாட்டையாவது கொஞ்சம் குறைக்கலாமா?” என்று கெஞ்சினார். காதும் கையும் சேர்ந்து வேலை செய்யணும் சார் என்று சொல்லி, அவள் இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.

ஒருநாள் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “நிஜமாவே இது வைத்தியந்தானா மேடம்? இல்ல, சும்மா போட்டு வதைக்கிறீங்களா?”

அவள் சட்டென்று சமாளித்துக்கொண்டாள். “ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செஞ்சாத்தான் சார் விரல் மடங்கும். மத்த ஆட்டத்துல கை கண்டபடி அலையும். இதுமாதிரி ஒரே மாதிரியான ஆட்டம் உலகத்துல தேடினாலும் கிடைக்காது. என்னைக் கேட்டா, வீட்டுக்கு ஒண்ணு வாங்கி வைக்கணும்.”

முதலாளி போனை எடுத்து, கேமராவை அவள் பக்கம் திருப்பினார். “இதையே என் போன்ல ஒருதரம் சொல்லிடுங்களேன். வீட்ல ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க.”

கரும்பு தின்னக் கூலியா? வீட்டிலும் இவரைப் பிடித்து உட்காரவைத்து ஆட விடட்டுமே. வெள்ளைக் கோட்டைச் சரிசெய்துகொண்டு, ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

நாற்பதாவது கட்டம் முடிந்த அன்று, விரல் நன்றாகவே மடங்கியது. அதை அவள் எதிர்பார்க்கவில்லை. தொலையட்டும், படவேண்டியதைப் பட்டுவிட்டாரே.

“உங்களை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன் மேடம்” என்று இரண்டு கைகளையும் கூப்பினார். எப்படி மறக்கும் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே கதவைச் சாத்தினாள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது அவள் கால் தரையில் பாவவில்லை. பழியை முழுசாகத் தீர்த்துவிட்டுத்தான் சொல்வது, சொல்லி அவனைச் சிரிக்க வைப்பது என்று இத்தனை நாளும் வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தாள்.

அதிசயமாகக் கணவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். கையில் போன்.

“என்னங்க, உங்களுக்கு ஒரு சேதி வெச்சிருக்கேன்.”

“என்கிட்டயும் ஒண்ணு இருக்கு” என்றான், அவளை நிமிர்ந்து பார்க்காமல். “அந்தக் கீரி இப்ப சக்கைப்போடு போடுதாம். விரல் வைத்தியம்னு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா வாங்கறாங்களாம். மூடப்போற கம்பெனி நிமிந்துடுச்சு. அந்த ஆளு புதுசா ரெண்டாம் பாகம் வேற எடுக்கறாராம்.”

“அந்தக் குப்பையைப் போயா? யாரு நம்பினாங்க?”

அவன் போனை அணைத்தான். மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

“விளம்பரத்துல நீ நல்லாத்தான் பேசியிருக்கே.”