பதிலுக்கு விட்ட இடம்
ஆய்வுக்கூடத்து ஜன்னல் வெயில் இரண்டு கூண்டுகளிலும் ஒன்றுபோலத்தான் விழுகிறது. ஒன்றில், கைக்குள் அடங்கிவிடும் வரிச்சில்லைக் குருவி தன்பாட்டுக்குப் பாடித் தள்ளுகிறது. நேற்று ஜோடியைப் பிரித்தது அதற்கு உறைத்ததாகவே தெரியவில்லை. மற்றதில், அணில் அளவே உள்ள மார்மோசெட் குரங்கு விசில்போல ஒரு குரல் கொடுத்துவிட்டு, வாயை மூடி, தலையைச் சாய்த்துக் கதவையே பார்க்கிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு குரல். துணை இல்லாதபோது இரண்டும் எப்படிக் கூப்பிடுகின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்க, ஒரே நாளில் ஜோடிகளைப் பிரித்தவள் ஆய்வாளரான அவள்தான். தீனி வைக்க வந்தவர் கிண்ணத்தோடு நிற்கிறார். “இது ஏம்மா விட்டுவிட்டுக் கூப்பிடுது?” “ஜோடி பதில் சொல்றதுக்கு இடம் விடுதுண்ணே.” “சாயங்காலம் கொண்டாந்து விட்டுடுவீங்கல்ல?” அவள் குரல்களைப் பதியும் மைக்கின் மேல் இல்லாத தூசியைத் துடைக்கிறாள். நேற்று இடம் மாற்றக் கொடுத்த மயக்க மருந்திலிருந்து இதன் ஜோடியான பெண்குரங்கு எழவேயில்லை. மருந்தின் அளவைச் சொன்னதும் அவள்தான். அவர் போனதும் கம்பியருகே குனிகிறாள். “அது வராதுடா. என்னாலதான்.” குருவி அவள் பேச்சின் மேலேயே பாடுகிறது. குரங்கு மட்டும் அவள் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, மறுபடி கூப்பிடுகிறது.