அவளும் நானும் ஒன்றா?

பாலைவனத்தில் மழைக்குப் பிறகு இரண்டு மஞ்சள் பூச்செடிகள் அருகருகே பூத்தன. இரண்டும் சாமந்திப் பூவின் உறவுக்காரச் செடிகள். முந்திப் பூத்தது அக்கா, பிந்தியது தங்கை. எப்படி உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது.

முட்டையிட வந்த பட்டாம்பூச்சி குழம்பிப்போனது. "உங்கள்ல ஒருத்திதான் என் பிள்ளைகளுக்கு ஆகும். இன்னொருத்திகிட்ட விட்டா செத்துப்போகும். யாருடி அவ?"

"நான்தான்!" என்றது தங்கை. "இவளும் நானும் ஒண்ணா? என் இதழ் நுனியைப் பாரு, எவ்வளவு அழகா வெட்டியிருக்கு!"

"ஆமா, பெரிய மகாராணி," என்றது அக்கா.

பட்டாம்பூச்சி பூக்களைப் பார்க்கவே இல்லை. அதற்குக் காலில்தான் ருசி தெரியும். இரண்டு செடியின் இலையையும் மிதித்துப் பார்த்துவிட்டு, தங்கையின் இலையில் முட்டையிட்டது.

"பார்த்தியா? என்னைத்தான் பிடிச்சிருக்கு!"

"பிள்ளைகளுக்கும் பிடிக்கும்," என்றது பட்டாம்பூச்சி. "ஒரு இலைகூட மிச்சம் வைக்காதுங்க."

தங்கை மெல்ல அக்காவின் பக்கம் சாய்ந்தது.

"இன்னொரு தடவை நல்லாப் பாரேன். நாங்க ரெண்டு பேரும் ஒண்ணுதான்."