ஈரத் துண்டு

அம்மோனியாவில் தோய்த்த பஞ்சை நீண்ட குச்சியொன்றின் நுனியில் கட்டி, ஆனந்தராஜ் சிலிண்டரின் வால்வை நோக்கி நீட்டினார். குளோரின் கசிந்தால் பஞ்சைச் சுற்றி வெண்புகை எழும்.

எழவில்லை.

கசிவு இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். உள்ளே ஒன்றும் இல்லை என்பதன்று. அதை அறிய வால்வைத் திறந்தாக வேண்டும். அதற்காகத்தான் குளோரின் நிரப்பும் கம்பெனியிலிருந்து அவரை வரவழைத்திருந்தார்கள்.

அறுபது தப்படி மேற்கே, மூடிப்போன காகித ஆலையின் குளோரின் ஆப்பரேட்டர் ராஜாங்கம் தம் வீட்டு வாசலில் நின்றிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி கமலம். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர், நனைத்த துண்டை மூக்கில் அழுத்தியபடி. ஆடிக் காற்று மேற்கிலிருந்து வீசியது. வாயு இந்தப் பக்கம் அதிகம் வராது என்று பார்த்துத்தான் குளோரின் ஆப்பரேட்டருக்கு இங்கே வீடு கட்டினார்கள்.

அந்த வீடு ஒன்றுதான் மிச்சம்.

பெண்ணாடத்திலிருந்து டிராக்டர் டிராக்டராக வந்த கரும்புச் சக்கை கூழாகி, குளோரினில் வெளுத்து, வெள்ளைத் தாளாக வெளியேறிய ஆலை அது. 1998இல் மூடினார்கள். இயந்திரங்கள் வடக்கே போயின. கூரைத் தகரம் போனது. புகைபோக்கியின் செங்கற்கள்கூட யார் யார் வீட்டுச் சுவராகவோ ஆகிவிட்டன.

யாரும் தொடாதது, ஆள் படுத்தது போலப் புல்லுக்குள் கிடந்த இந்தச் சிலிண்டர் மட்டுமே. அதன் வால்வில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. சிவப்புத் துணி இருந்தால் முழு சிலிண்டர். தீர்ந்ததும் துணியை அவிழ்த்துவிடுவது ஆலை வழக்கம்.

முழு சிலிண்டர் இருக்கும்வரை அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள் அங்கேயே குடியிருக்க வேண்டும் என்பது ஆலையின் விதி. ஆலை போன பின்னும் விதி போகவில்லை. பயம் அதைக் காப்பாற்றியது. இடத்தை வாங்கிய பீங்கான் சூளை முதலாளியும் ஓராண்டு தயங்கினார். இன்று துணிந்துவிட்டார். உள்ளே குளோரின் இருந்தால், அதை எடுத்துப்போக மாதங்கள் ஆகும். இல்லையென்றால், சாலையோரம் நிற்கும் ஜேசிபி பொழுது சாய்வதற்குள் வீட்டை இடித்துவிடும்.

கமலத்துக்கு வீட்டைவிட உயிர் பெரிது. ஏழு ஆண்டுகளாக அவள் தலைமாட்டில் ஒரு வாளித் தண்ணீரும் அதில் ஊறும் இரண்டு துண்டுகளும் இருந்தன. காற்று திசை மாறினால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து மகள் குழந்தையோடு வந்தால், கடைசி பஸ்ஸுக்கு முன்பே கட்டாயப்படுத்தி அனுப்பிவிடுவாள்.

ஆனந்தராஜ் ஸ்பேனரை எடுத்தபடி திரும்பினார்.

“பெரியவரே, ஏழு வருஷமா இதுகூடத்தான் குடித்தனமா? எங்காளுங்க ஏழு நிமிஷம் நிக்கமாட்டாங்க.”

சிலர் துண்டுக்குள்ளேயே சிரித்தார்கள். ராஜாங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் மூக்கை மூடாமல் நிற்பதைக் கண்ட கமலம், அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கில் வைத்து அழுத்தப் போனாள்.

துண்டு உலர்ந்திருந்தது.

இருபத்திரண்டு ஆண்டு வேலையில் அவர் துண்டை நனைக்காமல் சிலிண்டர் பக்கம் போனதில்லை. காலியானதை உருட்டும் நாளில் மட்டும் அது உலர்ந்தபடியே தோளில் கிடக்கும். அத்தனை ஆண்டும் அந்தத் துண்டைத் துவைத்தவள் கமலம்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு வால்வில் கட்டியிருந்த சிவப்புத் துணியைப் பார்த்தாள். ஏழு வெயில், ஏழு மழைக்குப் பிறகும் அது கொஞ்சமும் வெளுத்திருக்கவில்லை.

“பேத்திய ஒரு ராத்திரிகூட இங்க தங்க வுடலியே நானு,” என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.



ஆனந்தராஜ் ஸ்பேனரை வால்வில் பொருத்தினார். எல்லோருடைய கண்களும் அவர் கையில் இருந்தன.

கமலம் தன் துண்டை மூக்கிலிருந்து எடுத்தாள். எடுத்து, ராஜாங்கத்தின் துண்டின் மேல் கடைசிச் சொட்டுவரை பிழிந்தாள்.