மண்ணெண்ணெய் ஊற்றுகிறவள்

மெஷினை வாங்க வந்தவர் அலுமினியக் கட்டையை வைஸின் பிடியில் இறுக்கினார்.

மண்ணெண்ணெய்ப் புட்டி என் கையில் இருந்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

அலுமினியத்தை வெறுமனே துளைக்க முடியாது. சூடேறினால் இளகி, துளையிடச் சுழலும் பிட்டின் பள்ளத்தில் அப்பிக்கொள்ளும். துளை கிழியும். சில சமயம் பிட்டே முறியும்.

என் கணவர் டிரில்லிங் மெஷினின் கைப்பிடியை இறக்குவார். நான் ஊற்றுவேன். அலுமினியச் சுருள் வெளியே வருவதற்காக அவர் பிட்டைச் சற்று மேலே தூக்குவார். அந்த இடைவெளியில் நாலு சொட்டு. அதற்காக நாங்கள் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

அவர் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது.

ஓடாத மெஷின் துருப்பிடித்துவிடும் என்று கொழுந்தன் தனபால்தான் இவரை அழைத்து வந்தான். பீளமேட்டில் பட்டறை வைத்திருக்கிறாராம். தனபால் சொல்வதில் தப்பில்லை.

எனக்குத்தான் கொடுக்க மனமில்லை.

துளை கெட்டால், மெஷின் சரியில்லை என்று இவர் போய்விடுவார். அதற்காக நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும்.

மோட்டார் ஓடியது. பிட் இறங்கியது.

நான் சும்மா நின்றேன்.

கட்டையைத் தொட்டதுமே பிட் கிறீச்சிட்டது.

என் கை தானாகப் புட்டியோடு போய்விட்டது.

முதல் சொட்டுகள் கட்டையின் ஓரத்தில் விழுந்து வழிந்தன. இவர் தூக்கும் நேரம் வேறு. அவரைவிடத் தாமதம்.

பிறகு கை அதையும் பிடித்துக்கொண்டது.

தூக்கினார். ஊற்றினேன். தூக்கினார். ஊற்றினேன். வெள்ளைச் சுருள்கள் நனைந்து நனைந்து வெளியே வந்தன. கிறீச்சென்ற சத்தம் அப்புறம் வரவேயில்லை.

மோட்டாரை நிறுத்தினார். துளைக்குள் சுண்டுவிரலை விட்டுச் சுற்றிப் பார்த்தார். கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று தனபாலிடம் சொன்னார். நாளைக்கே வண்டி கொண்டுவருவதாகவும் சொன்னார்.

நான் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டேன். துடைத்தும் மண்ணெண்ணெய் வாசம் போகவில்லை.

பிறகு இவர் என் பக்கம் திரும்பினார்.

“மெசினோட நீங்களும் வந்துருங்கக்கா. எங்க பட்டறைல இப்படி ஊத்த ஆளில்லீங்க.”

வேடிக்கைக்குத்தான் சொன்னார். தனபால் சிரித்தான்.

பட்டறையைக் காலையில் எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்று கேட்டேன்.