தனியே மட்ரிட்டுக்கு

ரொறன்ரோ விமான நிலையத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு விரைந்தாள் கமலாம்பிகை. மகன் திலக்சன் ஓடிவந்து மறித்தான்.

“அம்மா, இங்கிலிசே தெரியாமல் ஸ்பெயினில தனியச் சுத்தப் போறியளோ? வழி கேக்கவே ஏலாது. ரிக்கெற்றைக் கான்சல் பண்ணுவம்.”

“வழி கேட்டுக் காட்டினால் விடுவியோ?”

“ஓம், கேளுங்கோ பாப்பம்!”

வரிசையில் நின்ற ஸ்பானியத் தம்பதியிடம் திரும்பியவள் அவர்கள் மொழியிலேயே பொழிந்து தள்ளினாள். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“மட்ரிட்டில இவையின்ர வீட்டில மத்தியானச் சாப்பாடு மூண்டு மணிக்குத்தானாம். என்னையும் வரச் சொல்லுகினம். இப்ப வழியை விடு, தம்பி.”

திலக்சன் வழியை விட்டு விலகினான். “ஸ்பானிஷ் எங்கயம்மா படிச்சனீங்கள்?”

“பிறம்ரன் பக்டரி வேலையில. இருபது வருசமா என்ர லைன் முழுக்க ஸ்பானிஷ் கதைக்கிற கொலம்பியாப் பெட்டையள். இங்கிலிஷ் கதைக்க அங்க ஆர் இருந்தவை?”